யாவர்க்கும் திறந்த வாயில்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ, இசையைப் பற்றியோ, நம் முன்னோர் பெருமையைப் பற்றியோ உரை கேட்பது நம் வழக்கம். இவ்வாண்டு எங்கள் நால்வரைப் பேசுமாறு சங்கம் பணித்தது. நால்வர்க்கும் பொதுவாக ஒரு குரல் பேசுகிறது; ஆகவே ‘நாங்கள்’ என்றே பேச விடை தாருங்கள். ஓர் இரும்புக் கதவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விழா நாளில் இரும்புக் கதவா என்று நீங்கள் நகைக்கலாம். அக்கதவு நம் காலனிப் பூங்காவின் வாயிற் கதவு. அதை அங்கே வைக்கச் செய்தவர்கள் நாமே. ஆதலால் அதைப் பற்றிப் பேசும் கடமையும் நம்முடையதே.

தலைநகராகிய தில்லியில் வாழும் நமக்குப் பூங்கா என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஊரில் நம் பாட்டனார்க்குத் திண்ணை இருந்தது. பாட்டியார்க்குக் கோயில் பிராகாரம் இருந்தது. குழந்தைகளுக்குத் தெருவே விளையாட்டு மைதானமாக இருந்தது. இங்கே இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் குடியிருக்கும் நமக்கு அம்மூன்றும் சேர்ந்த ஒன்றே பூங்கா. மார்கழிக் குளிரில் பதினொரு மணி வெயிலுக்கு வேர்க்கடலைப் பொட்டலத்துடன் சென்று அமர்வதும், ஊர்க் கதைகளைத் தமிழில் வாயாரப் பேசுவதும், புதிதாக வந்த குடும்பத்தை ‘எந்த ஊர்ப் பக்கம்?’ என்று விசாரிப்பதும் அங்கேதான். 1936-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற லோதித் தோட்டமும், புதுப்பிக்கப்பெற்று 2018-இல் திறக்கப்பெற்ற சுந்தர் நர்சரியும் இந்நகரின் அணிகள். எனினும் அங்கே நாம் ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ புளியோதரை கட்டிக்கொண்டு செல்வோம். அன்றாடம் நம் கால் படுவது காலனிப் பூங்காவே.

இனி அக்கதவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பூங்காவிற்குள் மோட்டார் சைக்கிள்கள் குறுக்கு வழியாகப் புகுந்து செல்லலாயின. ஒரு மாலை, ஒரு குழந்தையின் காலில் வண்டி உராய்ந்து விட்டது. நாம் அனைவரும் வெகுண்டோம், மனு எழுதினோம், கையொப்பம் திரட்டினோம். அம்மனுவில் முதற் பக்கத்திலேயே எங்கள் நால்வர் கையொப்பங்களும் உள்ளன. சில மாதங்களில் நான்கு இரும்புக் கைகளை உடைய சுழற்கதவு ஒன்று வாயிலில் நிறுவப்பட்டது. ஒருவர் பின் ஒருவராக உடலை ஒடுக்கிக்கொண்டு நுழையவேண்டும். வண்டிகள் நின்றன, தெருமாடுகளும் நின்றன. நாம் மகிழ்ந்தோம். லட்டு வழங்கியதாகவும் நினைவு.

அதற்குப் பின் இரண்டு குளிர்காலங்கள் கழிந்தன. நம் காலனியில் ஒரு மூதாட்டியார் இருக்கிறார். எல்லாரும் அவரை மாமி என்றே அழைப்போம். காவிரிக் கரையிலிருந்து மகனுடன் வந்து இங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். நம் வீட்டுப் பெண்கள் பலருக்குக் கோலமும் பாட்டும் கற்பித்தவர். இடுப்பெலும்பு முறிந்து தேறிய பின் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பூங்காவின் வெளியே, வேலியோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் தனியே அமர்ந்திருந்ததைக் கண்டோம். உள்ளே அவருடைய தோழியர் வட்டமாக அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். “மாமி, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? உள்ளே வரக்கூடாதா?” என்று கேட்டோம். “உள்ளே போய் என்னப்பா ஆகப் போறது? இங்கேயும் அதே வெயில்தானே அடிக்கறது” என்றார்.

அந்தச் சொல் எங்களை உறங்கவிடவில்லை. வாக்கர் அச்சுழற்கதவுக்குள் நுழையாது என்பதை அவர் சொல்லவில்லை. யாரையும் குறை கூறவுமில்லை. வெயில் எங்கும் ஒன்றுதான் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். அவரை வெளியே நிறுத்தியது நாம் கையொப்பமிட்டுக் கேட்டு வாங்கிய கதவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குச் சென்றோம். கடன் வாங்கிய சக்கர நாற்காலி ஒன்றையும் கொண்டு சென்றோம். எங்களுள் ஒருவர் அதில் அமர்ந்தார். மற்றொருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கையில் கோலுடன் நடந்தார். ஒரு மணி நேரம் அவ்வாறு சுற்றியதனால் அவர்களுடைய வாழ்வை அறிந்துவிட்டோம் என்று சொல்வது பிழையாகும். ஆயினும், பத்தாண்டுகளாக அன்றாடம் நடந்த இடத்தில் நாம் காணாதவை எத்தனை என்பதை மட்டும் அறிந்தோம்.

சுழற்கதவின் இடைவெளி ஐம்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. மாமியின் வாக்கர் அறுபது. சக்கர நாற்காலி அறுபத்தெட்டு. பக்கத்திலேயே தோட்டத்து வண்டி செல்வதற்கான பெரிய கதவு உண்டு. அது ஆண்டு முழுதும் பூட்டியே கிடக்கிறது, சாவி மாலியிடம். வாயிலைக் கடந்தவுடன் இரண்டு படிகள். அவற்றின் பக்கத்தில் ஒரு சாய்தளமும் இருக்கிறது. ஆனால் முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு அதன் நீளம் ஒன்றேகால் மீட்டரே. அதில் சக்கர நாற்காலியை இருவர் தள்ளியும் ஏற்ற இயலவில்லை. இறக்கும்பொழுது பிடி நழுவியது. நடைபாதையில் வேப்பமர வேர்கள் கற்களைத் தூக்கிவிட்டிருக்கின்றன. பெஞ்சுகளுக்குச் சாய்மானமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. உடல்நலத்திற்கென்று பதித்த கூழாங்கற் பாதை ஒன்று நடைபாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. கழிப்பிடம் உண்டு, அதன் கதவிலும் பூட்டு உண்டு. பார்வையற்றோர்க்கென்று மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களும் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கோலால் தடவிச் சென்ற எங்கள் நண்பர் நேரே ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார்.

இவை அனைத்தும் யாருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்தவையல்ல. நல்ல காலும் நல்ல கண்ணும் உடைய நடுவயதினர் ஒருவரை மனத்திற்கொண்டு அமைத்ததனால் நேர்ந்தவை. அமைத்தவரும் அத்தகையவர், கேட்டு வாங்கிய நாமும் அத்தகையவர்கள். இம்மனப்பான்மைக்கு மாற்றாக எழுந்த கருத்தையே ஆங்கிலத்தில் ‘யுனிவர்சல் டிசைன்’ என்கிறார்கள். நாம் அதனை ‘யாவர்க்குமான அமைப்பு’ என்று சொல்லலாம்.

இச்சொல்லை வழங்கச் செய்தவர் அமெரிக்க நாட்டுக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் என்பவர். ஒன்பதாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடக் கலை பயின்ற காலத்தில் அக்கல்லூரியின் படிகளில் பிறர் அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கட்டடம் கட்டக் கற்க வந்தவர்க்குக் கட்டடமே தடையாயிற்று. ஊனமுற்றோர்க்குத் தனி வழி, தனிக் கதவு, தனி இருக்கை என்று ஒதுக்குவதைவிட, எல்லாரும் ஒரே வழியைப் பயன்படுத்துமாறு முதலிலேயே அமைப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1997-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் பிற அறிஞரும் கூடி ஏழு நெறிகளை வகுத்தனர். எவரையும் வேறுபடுத்தாது பயன்படல், பலவகையினரின் வசதிக்கும் இணங்கல், பார்த்தவுடன் விளங்கும் எளிமை, கண்ணாலும் செவியாலும் தொடுதலாலும் அறியத் தருதல், தவறினாலும் தீங்கு நேராமை, குறைந்த முயற்சி, அணுகவும் திரும்பவும் போதிய இடம். இவையே அவ்வேழின் சாரம்.

இக்கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் நாட்டுச் சாலையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களை இங்குள்ள பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, ஆளின் தோளுயரத்திற்கு அமைத்திருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் பல ஊர்களில் வழக்கம். தலைச்சுமையோடு தனியே வரும் வழிப்போக்கர், இறக்கி விடவோ தூக்கி விடவோ பிறரை எதிர்பாராமல், தாமே சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். பின்னர்த் தாமே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். அதன் சிறப்பெல்லாம் அவ்வுயரத்தில் இருக்கிறது. தரையில் கிடந்தால் அது வெறும் கல். தோளுயரத்தில் நின்றமையால் அது துணை. பிறர் தயவை நாடாமல் ஒருவர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளுமாறு உயரத்தையும் அகலத்தையும் அமைப்பதே யாவர்க்குமான அமைப்பின் உயிர் என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

‘இவ்வாறு வேண்டுவோர் எத்தனை பேர்? சிலர்தாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அறுபது வயதைக் கடந்தோர் அதே கணக்கில் 10 கோடிக்கு மேல். இவர்களோடு கருவுற்ற தாய்மாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து வரும் தாத்தாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட கல்லூரி மாணவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி இல்லாத வீடு நம் காலனியில் எத்தனை? இன்று நலமாயிருக்கும் நாமும் நெடுங்காலம் வாழ்ந்தால் அக்கணக்கில் சேரப் போகிறவர்களே. நெடுங்காலம் வாழவேண்டும் என்றுதானே பெரியோரிடம் ஆசி பெறுகிறோம்!

இனி, செய்யத் தக்கவற்றை அளவுகளோடு சொல்வோம். நம் சங்கத்தில் பொறியாளர்கள் பலர் உள்ளமையால் தவறிருப்பின் திருத்துவீர்கள் என்ற துணிவு எங்களுக்கு உண்டு.

முதலில் வாயில். சக்கர நாற்காலி எளிதில் செல்லத் தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம் வேண்டும். அவ்வளவு அகலம் விட்டால் மோட்டார் சைக்கிளும் வந்துவிடுமே என்பதே நம் அச்சம். அது நியாயமான அச்சம். அகலத்தால் இரண்டையும் பிரிக்க இயலாது. ஏனெனில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். ஆனால் நீளத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். சக்கர நாற்காலி ஒன்றேகால் மீட்டருக்குள். நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். அதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் போதும். மோட்டார் சைக்கிள் அவ்வாறு திரும்பாது. ஆகவே, வாயிலின் உள்ளே ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு தடுப்புக் கம்பியை நிறுத்தி, வருபவர் ஒருமுறை வளைந்து செல்லுமாறு செய்தால், நாற்காலியும் வாக்கரும் குழந்தை வண்டியும் தடையின்றிச் செல்லும். மோட்டார் சைக்கிளுக்குப் பெருந்தொல்லையாகும். அழுத்தினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் இலேசான கதவு ஒன்றை அதனோடு சேர்த்தால் மாடும் நிற்கும். இறங்கி உருட்டிக்கொண்டு வரத் துணியும் விடாக்கண்டனை எந்தக் கதவும் முற்றிலும் தடுக்காது. அவனைத் தடுக்க நம் கண்ணும் வாயும் வேண்டும். அவன் ஒருவனுக்காக மாமியை வெளியே நிறுத்துவது நீதியாகாது.

இரண்டாவது சாய்தளம். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. நம் இரண்டு படிகளின் உயரம் முப்பது சென்டிமீட்டர். எனவே மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இப்பொழுது இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. சாய்தளம் இருக்கிறது என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம், ஏறுவதற்கு உதவாது. அகலம் ஒன்றேகால் மீட்டரும், இருபுறமும் கைப்பிடியும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சிறு விளிம்பும் வேண்டும். மழை பெய்தாலும் வழுக்காத சொரசொரப்பு வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் ஆகாது.

மூன்றாவது நடைபாதை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க ஒரு மீட்டர் எண்பது வேண்டும். நம் பாதை அவ்வளவு அகலமே. அதில் பாதியைப் பூந்தொட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தொட்டிகளை நகர்த்தச் செலவொன்றுமில்லை. வேர் தூக்கிய இடங்களில் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை; பாதையைச் சற்றே வளைத்து அமைத்தால் மரமும் வாழும், மனிதரும் நடப்பர். கூழாங்கற் பாதையை விரும்புவோர்க்கு அது ஒருபுறமாக இருக்கட்டும்; பொதுப் பாதையைக் குறுக்கே வெட்ட வேண்டா. வடிகால் மூடிகளின் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக, நெருக்கமாக இருக்கவேண்டும்; இல்லையேல் கோலின் நுனியும் நாற்காலியின் சிறு சக்கரமும் அவற்றில் சிக்கும்.

நான்காவது இருக்கை. முப்பது மீட்டருக்கு ஒன்றாக, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில், சாய்மானமும் கைப்பிடியும் உடையதாக இருத்தல் வேண்டும். கைப்பிடி எதற்கு? அமர்வதற்கன்று, எழுவதற்கு. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு பெஞ்சின் பக்கத்திலும் ஒரு நாற்காலி நிற்குமளவு வெற்றிடம் விடவேண்டும். அப்பொழுதுதான் சக்கர நாற்காலியில் வருபவர் பாதையை அடைத்துக்கொண்டு எதிரே நிற்காமல், தோழியரின் வரிசையிலேயே தாமும் ஒருவராக அமர முடியும்.

ஐந்தாவது கழிப்பிடம். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். கூச்சத்தாலேயே நம் வீட்டுப் பெண்களும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களும் அரைமணிக்கு மேல் பூங்காவில் இருப்பதில்லை. பூட்டிய கழிப்பிடம் இல்லாத கழிப்பிடமே.

ஆறாவது, பார்வையற்றோர்க்கான வழி. நடைபாதையில் பதிக்கும் புடைப்புக் கற்களை ஜப்பானியராகிய செயிச்சி மியாகே என்பவர் கண்டார். 1967-இல் ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே அவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. கோடு போன்ற புடைப்பு ‘நேரே செல்க’ என்றும், புள்ளி போன்ற புடைப்பு ‘நின்று கவனிக்க’ என்றும் பொருள்படும். இம்மொழியை அறியாமல் அழகுக்காகப் பதித்தால், எங்கள் நண்பர்க்கு நேர்ந்ததே எவர்க்கும் நேரும். பூங்காவில் எங்கும் மஞ்சள் கல் வேண்டுமென்பதுமில்லை. பாதையின் ஓரம் தெளிவாக இருந்து, அதையடுத்துப் புல்வெளி தொடங்கினால், கோல் அவ்விளிம்பைத் தடவியே வழியறியும். திருப்பந்தோறும் ஒவ்வொரு மணத்தை நடலாம். ஓரிடத்தில் பவழமல்லி, மற்றோரிடத்தில் மரிக்கொழுந்து, வேறோரிடத்தில் துளசி. ஐப்பசி மாதத்தில் தில்லித் தெருக்களில் ஏழிலைப்பாலை பூத்தால், கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தெரு என்று நாம் சொல்லிவிடுவதில்லையா?

ஏழாவது அறிவிப்புப் பலகை. இதில் நமக்கு அநுபவம் உண்டு. நம்முள் பலர் இந்நகருக்கு முதன்முதல் வந்தபொழுது இந்தி எழுத்தறியாமல் பேருந்துப் பலகைகளை வெறித்துப் பார்த்து நின்றவர்களே. கண்ணிருந்தும் குருடராய், காதிருந்தும் செவிடராய் நின்ற அந்நாட்களை மறந்திருக்க மாட்டோம். அன்று ஒரு படமோ, அம்புக் குறியோ நமக்கு உறவினனைப் போல் உதவிற்று. ஆகவே பலகையில் எழுத்தோடு படமும், பெரிய எழுத்தும், தொட்டறியும் பிரெயில் எழுத்தும் வேண்டும் என்று கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியுடையோர் யார்?

எட்டாவது குழந்தைகள். நம் காலனியில் நடக்க இயலாத சிறுவன் ஒருவன் இருக்கிறான். ஊஞ்சல் மணல் நடுவே இருக்கிறது. சக்கரம் மணலில் புதைகிறது. அவன் ஓரத்தில் இருந்து பிறர் ஆடுவதை எண்ணிக்கொண்டிருக்கிறான். பெங்களூரில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோர் கூடித் தொடங்கிய ‘கிளிகிளி’ என்னும் அமைப்பு, நகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பூங்கா முதலிய இடங்களில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடங்களை உருவாக்கியது. தனி மைதானம் கேட்கவில்லை அவர்கள். அதே மைதானத்தில் தம் குழந்தைகளுக்கும் ஓர் ஊஞ்சல் கேட்டார்கள்.

சட்டம் இதற்கு இடந்தருகிறதா என்று கேட்கலாம். தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான முதற் சட்டம் 1995-இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் வழியே 2016-இல் புதிய உரிமைச் சட்டம் பிறந்து, 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. யாவர்க்குமான அமைப்பு என்பதற்கு இலக்கணமே அச்சட்டத்தில் கூறப்பட்டுள்ளது. அளவுகளை விரித்துரைக்கும் வழிகாட்டு நெறிகளும் 2016-இலும், திருத்தமுற்று 2021-இலும் வெளியாயின. பார்வையற்றவர் ஒருவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய நெறிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் சட்டத்தின் கருத்துக்கு ஒவ்வாது என்றும், கட்டாயமான விதிகளை அரசு வகுக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆக, நாம் கேட்கப்போவது சலுகையன்று.

சட்டம் ஏட்டில் இருந்து தரைக்கு இறங்குமா என்ற ஐயம் எழலாம். சென்னை மெரீனாக் கடற்கரையை நினையுங்கள். சாலைக்கும் கடலுக்கும் இடையே அகன்ற மணற்பரப்பு. சக்கர நாற்காலியில் வாழ்வோர் பலர் அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் அலையைத் தொட்டதில்லை. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் இடைவிடாது கேட்டதன் பயனாக, 2022 நவம்பரில் அங்கே நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது. சிதைந்தது சிதைந்தபடி விடவில்லை. சீர்செய்து மீண்டும் திறந்தார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. கேட்டால் கிடைக்கும் என்பது ஒன்று. கிடைத்ததைப் பேணாவிட்டால் நிலைக்காது என்பது மற்றொன்று.

இனி எங்கள் கதையின் இறுதிப் பகுதி. அளவுகளை எழுதிக்கொண்டு உரிய அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். “பெரிய கதவு இருக்கிறதே, வேண்டும்பொழுது மாலியிடம் சொல்லித் திறந்துகொள்ளுங்கள்” என்றார். நாங்களும் முதலில் மகிழ்ந்தோம். மாமியிடம் ஓடிச் சென்று சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, “தினமும் ஒருத்தனைக் கூப்பிட்டுக் கதவைத் திற, கதவைத் திறன்னு கெஞ்சணுமா? அவனுக்கும் வேலை இருக்குமோல்லியோ. நீங்கள்ளாம் சாவி கேட்டா உள்ளே போறேள்?” என்றார்.

அவையோரே! எட்டு அளவுகளும் ஏழு நெறிகளும் எங்களுக்கு விளக்காததை அக்கேள்வி விளக்கியது. மாலி நல்லவர், அழைத்தால் வருவார். ஆயினும் அழைத்தாலன்றித் திறவாத கதவு, அழைக்க நாணுவோர்க்கு மூடிய கதவே. நாம் சாவி கேட்காமல் நுழையும் இடத்தில் அவர் மட்டும் சாவி கேட்டு நுழைய வேண்டுமென்றால், அது பொதுப் பூங்காவாகாது.

ஆகவே இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். முதலாவது, பழைய மனுவைப் போலவே புதிய மனு ஒன்று எழுதி மண்டபத்தின் வாயிலில் வைத்திருக்கிறோம். வளைவு வாயிலும், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்தளமும், பூட்டில்லாக் கழிப்பிடமும் அதில் கேட்டுள்ளோம். பழைய மனுவில் கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் இதிலும் இடவேண்டும். காலனியில் நம்மோடு வாழும் பஞ்சாபி, வங்காளி, மலையாளிக் குடும்பங்களிடமும் இதனைக் கொண்டு செல்லவேண்டும், மூட்டுவலிக்கு மொழியில்லை. இரண்டாவது, வேலை நடக்கும்பொழுது அளவு நாடாவோடு நம்முள் இருவர் அங்கே நிற்கவேண்டும். அவர்களுள் ஒருவர் சக்கர நாற்காலியையோ வாக்கரையோ நாள்தோறும் பயன்படுத்துபவராக இருக்கவேண்டும். அவர்களைக் கேளாமல் அவர்களுக்காகச் செய்ததன் பயனைக் கம்பத்தில் முட்டிய எங்கள் நண்பர் நெற்றியில் காட்டுவார். மூன்றாவது, நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். இன்று நாம் கூடியிருக்கும் இம்மேடைக்கு ஏற ஐந்து படிகள் உள்ளன, கைப்பிடி இல்லை. சென்ற ஆண்டு மாமிக்குப் பொன்னாடை போர்த்தியபொழுது இருவர் அவரைத் தூக்கி ஏற்றியதை அனைவரும் கைதட்டி வரவேற்றோம். அது அவருக்குப் பெருமையாக இருந்ததா என்று அன்று நாம் கேட்கவில்லை.

வாயிலில் வைத்துள்ள மனுவின் முதல் வரியில் ஒரு கையொப்பம் ஏற்கெனவே உள்ளது. சற்று நடுங்கிய கை. ஆனால் எழுத்துத் தெளிவாக இருக்கிறது. அது யாருடையது என்று சொல்ல வேண்டுவதில்லை. அதன் கீழே உங்கள் பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறோம். வரும் மார்கழி வெயிலுக்குள் அவர் உள்ளே வந்து அமரவேண்டும் என்பதே எங்கள் ஆசை.